முடிவு முதலில் உங்களிடம் வரட்டும்

காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டுச் சென்றவருக்கு, முற்பகல் 11 மணிக்குள் கைபேசியில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டு, ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டால் பரிசோதனை அறிக்கை திறக்கிறது. மருத்துவரைக் காண்பதற்கான நேரமோ மாலை 5 மணி. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் ஒரு குடும்பம் படும் பாட்டைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வதுண்டு. மருத்துவர் பார்த்த பிறகே முடிவு நோயாளிக்குச் செல்ல வேண்டும் என்று எங்களுள் ஒரு சாரார் கருதுகின்றனர். அவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆயினும் அவர்கள் சொல்லும் தீர்வை நான் ஏற்கவில்லை. முடிவு உங்களிடம் உடனே வர வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தை உங்களுக்கு எளிதாக்கும் கடமை எங்களுடையது.

நான் எம்.டி. பயின்ற நாள்களில் ஆய்வக முடிவு மருத்துவமனையின் உடைமைபோலவே நடத்தப்பட்டது. துண்டுச் சீட்டாக வரும். நோயாளியின் கோப்பில் ஒட்டப்படும். கோப்பு செவிலியர் மேசையில் இருக்கும். "ரிசல்ட் வந்துடுச்சா சிஸ்டர்?" என்று உறவினர் நாளெல்லாம் கேட்டு நிற்பார். விதி அன்றைக்கே வேறாக இருந்தது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவருடைய அனுமதி பெற்றவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அப்படியொரு விதி இருப்பதை அறிந்து கேட்டவர்கள் மிகச் சிலரே. இன்று கேட்காமலேயே வருகிறது. அதை மருத்துவமனை வழங்கும் சலுகையாக யாரும் எண்ணிவிட வேண்டாம்.

உடனே வருவதால் விளையும் நன்மை வெறும் வசதி மட்டுமன்று. காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவர் மூன்றாம் நாளில் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையின் இறுதி முடிவு வர 5 நாள் ஆகும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம். திசு ஆய்வுக்கும் பல நாள்கள் வேண்டும். ஆக, வீட்டுக்குச் சென்ற பின்னரும் முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டியவர் மருத்துவர்தாம். ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கடந்து செல்லும் ஒரு பிரிவில், தாமதமாக வந்த ஒரு தாள் கண்ணில் படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தத் தாளைத் தன்னுடையது என்று நினைக்கும் இன்னொரு கண் இருப்பது நோயாளிக்குப் பாதுகாப்பு. தகவல் எதுவும் வரவில்லையே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். வீடு திரும்பும் நாளில், "இன்னும் வர வேண்டிய முடிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

இனி, திறந்த அறிக்கைக்கு வருவோம். எல்லாருடைய கண்ணும் முதலில் தேடுவது சிவப்பு எழுத்தை. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்றோ 'எல்' என்றோ ஆங்கில எழுத்து சிவப்பில் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. அந்தச் சிவப்பை இடுவது மனிதரல்லர், கணினி. அச்சிடப்பட்ட வரம்புக்கு மேலே இருந்தால் ஓர் எழுத்து, கீழே இருந்தால் இன்னோர் எழுத்து. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த வரம்பு எப்படி வந்தது? பெரும்பாலான சோதனைகளுக்கு, நலமாக உள்ள பலரின் இரத்தத்தை அளந்து, மிக உயர்ந்த அளவுடைய இரண்டரை விழுக்காட்டினரையும் மிகத் தாழ்ந்த அளவுடைய இரண்டரை விழுக்காட்டினரையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கும் 95 விழுக்காட்டினரின் அளவையே இயல்பு வரம்பு என அச்சிடுகின்றனர். ஒதுக்கப்பட்டவர்களும் நலமானவர்களே என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை முற்றிலும் நலமான ஒருவர் செய்துகொண்டால், அவற்றுள் ஒன்றாவது சிவப்பாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய 64 விழுக்காடு. தள்ளுபடி விலையில் எழுபது, எண்பது அளவுகளைச் சேர்த்துக் கட்டி விற்கப்படும் 'முழு உடல் பரிசோதனை'யில் ஒரு சிவப்பும் இல்லாமல் வெளிவருபவரே அரிது. (காரணமின்றி அத்தகைய தொகுப்புகளைச் செய்துகொள்ளாதீர்கள் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.)

சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதோடு இதை முடித்துவிட முடியாது. மறுபக்கம் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. சிவப்பு இல்லாததனாலேயே நிம்மதி அடைந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகத்தின் செயற்பாட்டை அறிய உதவும் கிரியேட்டினினை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயது இளைஞருக்கும் 70 வயது மூதாட்டிக்கும் 1.1 மில்லிகிராம் என்ற ஒரே எண் வருகிறது. பல ஆய்வகங்களின் அறிக்கையில் இருவருக்குமே அது கறுப்பு எழுத்துத்தான். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இன்றைய சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், இளைஞரின் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லிலிட்டர். மூதாட்டியுடையது ஏறக்குறைய 54. அந்தத் திறன் 60க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். மூட்டுவலிக்காகத் தாமே கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரையை அந்த அம்மையார் உடனே நிறுத்த வேண்டியிருக்கும். அறிக்கையோ அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. அதே கிரியேட்டினின் சென்ற ஆண்டு 0.7 ஆக இருந்து இந்த ஆண்டு 1.1 ஆகியிருந்தால், இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் உயர்வு ஒன்றரை மடங்குக்கும் மேல். இதைக் காட்டித் தருவது பழைய அறிக்கை மட்டுமே. ஆகவே, புது அறிக்கையைத் திறந்ததும் வரம்பைப் பார்ப்பதற்கு முன் சென்ற முறை என்ன எண் வந்திருந்தது என்று பாருங்கள். செயலியில் முந்தைய முடிவுகளை வரிசையாகக் காட்டும் பகுதி உண்டு. அந்தச் செயலியிலேயே பயனுள்ள பகுதி அதுதான் என்பேன். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வதன் காரணமும் இதுவே. கருவியும் முறையும் மாறினால் சில எண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது.

எண்ணே பொய் சொல்லும் நேரங்களும் உண்டு. கைப்பட்டையை நெடுநேரம் இறுக்கி, முட்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி இரத்தம் எடுத்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்துபோனாலோ, பொட்டாசியம் உடலில் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். இரும்புச்சத்துக் குறைபாட்டால் இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவருக்குக் குறைவாக வரலாம். வைடால் சோதனையில் வரும் '1:80' என்ற ஒற்றை எண்ணை வைத்து டைஃபாய்டு என்று முடிவு செய்வதும் சரியன்று. டைஃபாய்டு பரவியுள்ள நம் ஊர்களில் நலமானவர்களுக்கும் அது அவ்வளவு காட்டக்கூடும். இவற்றையெல்லாம் நீங்கள் கற்றுத் தேற வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அறிக்கையில் உள்ள எண் தீர்ப்பன்று, சாட்சி மட்டுமே. சாட்சியை விசாரித்துத்தான் ஆக வேண்டும். இதற்கிடையில், உயிருக்கு ஆபத்தான அளவில் ஒரு முடிவு வந்தால் ஆய்வகத்தார் உங்கள் குறுஞ்செய்தியை நம்பியிருப்பதில்லை. சிகிச்சை தரும் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கின்றனர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

எண்ணைத் துரத்துவதன் துன்பத்தை முழுமையாகக் காண வேண்டுமானால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் காய்ச்சல் வார்டுக்கு வர வேண்டும். டெங்கு நோயாளியின் தட்டணு எண்ணிக்கையைக் கைபேசியில் பார்த்தபடி குடும்பமே தாழ்வாரத்தில் நிற்கும். காலையில் 42,000, மாலையில் 38,000. "இறங்கிட்டே போகுது டாக்டர், ஏத்துங்க" என்பார்கள். இயல்பான அளவு ஒன்றரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சம் என்பதால் 38,000 என்ற எண் அச்சுறுத்துவது இயற்கையே. ஆனால் 42க்கும் 38க்கும் இடையிலான வேறுபாட்டுக்கு மருத்துவத்தில் பெரிய பொருளில்லை. ஒரே குழாய் இரத்தத்தை இரண்டு முறை எண்ணினாலும் சிறிது மாறும். டெங்குவில் தட்டணு இறங்குவதும், பின்பு தானே ஏறுவதும் நோயின் போக்கு. இரத்தக் கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை மிக மிகத் தாழாத வரையில், தட்டணு ஏற்றுவதால் நன்மை இல்லை. நாங்கள் கவலையோடு பார்ப்பது வேறு இடத்தில்: காய்ச்சல் விடும் அந்த ஓரிரு நாள்களில் வயிற்றுவலி கடுமையாகிறதா, வாந்தி நிற்காமல் தொடர்கிறதா, ஈறிலோ மலத்திலோ இரத்தம் தெரிகிறதா, சிறுநீர் குறைகிறதா, நோயாளி சோர்ந்து மயங்குகிறாரா, இரத்தம் கெட்டிப்படுகிறதா என்று. இவற்றுள் பலவற்றை முதலில் காணக்கூடியவர் படுக்கையருகில் இருக்கும் உறவினரே. அவருடைய கண்கள் கைபேசித் திரையில் இருக்கின்றன. தட்டணுவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து, எங்கள் பக்கத்துக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் பெறும் அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. செயலியின் பொத்தான்களைத் தமிழில் மாற்றிவிட்டு, 'தமிழிலும் கிடைக்கும்' என்று விளம்பரம் செய்வதால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை. ஸ்கேன் அறிக்கையில் 'அன்ரிமார்க்கபிள்' என்று எழுதியிருந்தால், சொல்லத்தக்க கோளாறு எதுவும் இல்லை என்று பொருள். ஆங்கிலம் அறிந்தவர்கூட அந்தச் சொல்லைக் கண்டு தயங்குகிறார். 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று முடித்திருந்தால், படத்தில் தெரிவதை நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டியது சிகிச்சை தரும் மருத்துவர் என்று பொருள். ஏதோ பெரிய நோய் ஒளிந்திருக்கிறது என்று பொருளன்று. மஞ்சள்காமாலைக் கிருமிக்கான சோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்ததைக் கண்டு கலங்கி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிருமி இல்லை என்னும் நற்செய்தி அவர்களுக்குக் கெட்ட சேதியாகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் அறிக்கையையும் மொழிபெயர்ப்பது உடனடியாக நடக்கக்கூடியதன்று. ஆனால் முக்கியமான முடிவு ஒவ்வொன்றோடும் சிகிச்சை தரும் மருத்துவர் தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்ப முடியும்: 'பார்த்தேன். அவசரமில்லை. வழக்கமான நாளில் வாருங்கள்' என்றோ, 'நாளை காலையே வாருங்கள்' என்றோ. ஒரு முடிவுக்கு அரை நிமிடம் செலவாகும். வேலைப்பளு என்ற காரணத்தைச் சக மருத்துவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு வரி இல்லாததால் மறுநாள் வரும் பத்துத் தொலைபேசி அழைப்புகளும் வேலைப்பளுதானே?

அந்த இரண்டு வரி வராத இடத்தை வேறு ஏதேனும் நிரப்பத்தான் செய்யும். முன்பு கூகுள், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் வயது, நீங்கள் உண்ணும் மாத்திரை, சென்ற மாதம் ஏற்றிய இரத்தம் எதுவும் தெரியாமல் அது சொல்லும் முடிவை நம்பி மருந்தை நிறுத்துவதற்குத்தான் மறுப்பு. அறிக்கையைப் படமெடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்பும் ஒரு கணம் யோசியுங்கள். பெயர், வயது, மருத்துவமனைப் பதிவெண் எல்லாம் அதன் தலைப்பில் இருக்கின்றன. சித்தப்பா ஒருவர் அதை எங்கே அனுப்புவார் என்பது யாருக்கும் தெரியாது.

திசு ஆய்வு அறிக்கை மட்டும் தனி. புற்றுநோய் என்ற சொல்லை ஒருவர் தனியாகப் பேருந்தில் அமர்ந்து கைபேசியில் படிக்க நேர்வது கொடுமை. முடிவை நிறுத்திவைக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம் இதுவே. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மிகச் சில விலக்குகள் தவிர, முடிவுகளை நோயாளிக்கு மறைத்துத் தாமதிக்க முடியாது. அங்கு நான்கு மருத்துவ மையங்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 96 பேர், மருத்துவர் பார்க்காவிட்டாலும் உடனே தங்களுக்கு வருவதையே விரும்புவதாகச் சொன்னார்கள். முடிவு இயல்பாக இல்லாதவர்களுள் கூடுதலானோர் அதைக் கண்டு கவலைப்பட்டதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அமெரிக்க நோயாளியின் விருப்பம் அப்படியே நம்முடையதாகிவிடாது. ஆயினும் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: முடிவைத் தடுப்பதைவிட, முடிவுக்கு முன்பாகவே பேசுவது மேல். ஊசி போட்டுத் திசுவை எடுக்கும் நாளிலேயே, எதைத் தேடுகிறோம், என்னென்ன வரக்கூடும், எந்த நாளில் எத்தனை மணிக்கு நேரில் அமர்ந்து பேசப்போகிறோம் என்று மருத்துவர் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். "அன்றைக்கு உங்களோடு சேர்ந்தே பார்க்கிறேன், அதுவரை திறக்க மாட்டேன்" என்று முடிவு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. பலர் அப்படிச் செய்கிறார்கள்.

'உங்களுக்கு' என்று இத்தனை முறை எழுதிவிட்டேன். நம் நாட்டில் அந்தக் குறுஞ்செய்தி உண்மையில் யாருக்குப் போகிறது? பதிவு முகப்பில் கைபேசி எண் கேட்டால், பெரியவர்கள் மகனுடைய எண்ணையோ மருமகனுடைய எண்ணையோ கொடுக்கிறார்கள். பெண்கள் கணவருடைய எண்ணை. தாய் மூன்றாம் மாடியில் படுத்திருக்க, அவருடைய திசு ஆய்வு முடிவை மகன் வேறோர் ஊரில் அலுவலகத்தில் இருந்தபடி முதலில் படிக்கிறார். அடுத்து எனக்கு அழைப்பு வரும்: "டாக்டர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." அந்தக் குரலில் உள்ள அன்பை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. ஆனால் தாயின் உடலைப் பற்றிய செய்தியைத் தாய்க்குச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு, ஒரு பதிவுப் படிவத்தில் யாருடைய எண் எழுதப்பட்டது என்ற தற்செயலால் மகன் கைக்குப் போய்விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க ஆபா எண்ணுக்கும் இது பொருந்தும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் ஓரிடத்து ஆவணம் இன்னோரிடத்துக்குப் போகாது என்பதே அதன் அடிப்படை. ஒப்புதல் கேட்கும் செய்தி யாருடைய கைபேசிக்கு வருகிறதோ அவரே நடைமுறையில் நோயாளி ஆகிவிடுகிறார்.

எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் அவர்களுடைய உரிமை, அதை மதிக்கிறோம். கேள்வி அவர்களிடம் கேட்கப்பட்டதா என்பதே பொருட்டு. அண்மையில் 68 வயது அம்மையார் ஒருவர், மகன் வெளியே சென்ற நேரம் பார்த்து என்னைக் கேட்டார்: "என் உடம்புச் சேதி எம் பையன் போனுக்குப் போகுது. அவன் மூஞ்சியப் பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா தம்பி?" அவரிடமிருந்தது பொத்தான் கைபேசி, இணைப்பைத் திறக்க இயலாதது. மகனையும் அருகில் வைத்துக்கொண்டு, அவருக்கு என்ன தெரிய வேண்டும், யார் உடனிருக்க வேண்டும் என்று கேட்டோம். எல்லாம் தெரிய வேண்டும், மகனும் இருக்க வேண்டும் என்றார். பதிவேட்டில் அவருடைய எண்ணை முதலாவதாகவும் மகனுடைய எண்ணை இரண்டாவதாகவும் மாற்றினோம். அறிக்கைகளை அச்சிட்டுக் கொடுத்தோம். மறுவாரம் அந்தத் தாள்களை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். ஒரு வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அது என்ன என்று முதலில் கேட்டவர் அவர்தாம். மகன் அடுத்த நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எண்ணை மாற்ற விரும்புபவர்கள் நோயாளியின் அடையாள அட்டையோடு பதிவு முகப்புக்கு வந்தால் போதும். நடக்க இயலாத உள்நோயாளிகள் வார்டு செவிலியரிடம் சொன்னால் அவரே படிவத்தைக் கொண்டுவந்து தருவார்.